டிசம்பர் 15: கொடி ஏறிய நாளும் எங்கள் கோயில் நோட்டும்

 

வழக்கம்போல நீளமான பதிவுதான். "டீச்சர் போஸ்ட் போட்டா டீ போட்டுக்கிட்டு உட்காரணும்" என்று போன மாதம் ஒருவன் எழுதியிருந்தான். டீ போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு வேலையும் கொடுக்கப்போகிறேன்.

இன்று திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நம் சிற்றாலயத்தில் ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்றினோம். முதல் ஞாயிறுக்கு முந்தின நாள்தான் ஃபெஞ்சல் புயல் மழை. அன்று பூசைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வாரமும் மழை விட்டபாடில்லை. ஆனாலும் இன்று கோயில் நிறைந்தது. பையன்கள் குடிலுக்குப் புல் வளர்க்கக் கேழ்வரகு ஊற வைத்துவிட்டார்கள். நட்சத்திரம் கட்டியாயிற்று. வெள்ளையடிக்கும் வேலை மட்டும் பாதியில் நிற்கிறது. அதற்குக் காரணம் நான்தான்.

சங்கீஸ்து அறைக்கு வெள்ளையடிப்பதற்காகப் பெட்டி, பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்கள். அதில் பழைய நோட்டுகள் ஒரு கட்டு இருந்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளை ஒருவன் நல்ல எண்ணத்தோடுதான், "டீச்சர், இதெல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுடலாமா? இப்பத்தான் அறிவிப்பெல்லாம் வாட்ஸ்அப்ல வருதே" என்று கேட்டான். நான் அந்தக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எங்கே வெள்ளையடிப்பது!

அது அறிவிப்பு நோட்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் எழுந்து வாசிப்பாரே, அதுதான். யாருக்குத் திருமணம், யாருக்காகப் பூசை, சந்தா யார் பாக்கி, விளக்குக்கு எண்ணெய் யார் முறை. பல வருஷம் என் அப்பா எழுதினார். துறைமுகத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டி உபதேசியாராக நிற்பார். அவருக்குப் பிறகு நான் எழுதினேன். அந்த நோட்டில் என்ன சரித்திரம் இருக்கிறது என்றுதான் அந்தப் பிள்ளை கேட்கிறான். அவனுக்குச் சொல்லும் பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம், "ராயபுரத்துக்கு ஏன் அந்தப் பெயர்?" என்று கேட்டேன். "ராயர்னு ஒரு ராஜா இருந்தாரு டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையாட்டினார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. நம் காலத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றுதான் சொல்லுவோம். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபிறகு இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார். ஆகவே இன்றைய பிள்ளைக்குப் பேதுருவைத் தெரியும், இராயப்பரைத் தெரியாது. பேதுரு என்றால் பாறை என்று பொருள். தெலுங்கில் ராயி என்றால் கல். இராயப்பர் கோயில் இருக்கிற ஊர், இராயபுரம். ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. ஒரு மீனவரின் பெயர்.

அந்தக் கோயிலைக் கட்டியதும் ராஜா இல்லை. படகோட்டிகள். இதை நன்றாகக் கவனியுங்கள். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆள் இறங்க வேண்டுமா, சரக்கு இறங்க வேண்டுமா, நம் ஆட்கள் மசூலாப் படகை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஏன்? நம் கரையில் அலை வரிசை வரிசையாக வந்து உடையும். ஆணி அடித்த விறைப்பான படகாக இருந்தால் ஒரே அறையில் பிளந்துவிடும். தைத்த படகு அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்கும், மறுபடி நிமிரும். பின்பக்கம் தண்டல் நின்று, அலை பார்த்துக் குரல் கொடுப்பார். மற்றவர்கள் துடுப்புப் போடுவார்கள். யாராவது தவறி விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே வரும். கப்பலுக்கு அவசரக் கடிதம் கொடுக்க வேண்டுமானால், கட்டுமரக்காரர் அதைத் தன் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு அலையைக் கடப்பார்.

கவர்னரே வந்தாலும் இவர்கள் கையைப் பிடித்துத்தான் கரை ஏற வேண்டும். கோட்டைக்குப் பக்கத்துக் கரையில் இருந்த படகோட்டிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வடக்கே இந்தப் பக்கம் வந்தார்கள். 1820களில் அவர்கள் எழுப்பியதுதான் இராயப்பர் கோயில். கூலியிலிருந்து மகமையாகப் பிடித்துச் சேர்த்த பணம் அதற்குப் போனது. அலையில் சம்பாதித்த காசு அது.

இப்போது டிசம்பருக்கு வருகிறேன்.

கம்பெனிக் காலத்தில் அக்டோபர் 15ஆம் தேதி கோட்டைக் கொடிமரத்தில் கொடியை இறக்கிவிடுவார்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டது, இனி இங்கே கப்பல் நிற்கக் கூடாது என்று அர்த்தம். நின்று மூழ்கினால் இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காது. விளையாட்டில்லை இது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள் என்று ஆறாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அப்படிப் பிடித்த கப்பற்படையையே அந்த வருஷம் அக்டோபர்ப் புயல் இதே கடலில் சின்னாபின்னமாக்கியது. ஆகவே கப்பல்கள் எல்லாம் வேறு பாதுகாப்பான இடம் தேடிப் போய்விடும். இரண்டு மாதம் கடல் வெறிச்சென்று கிடக்கும்.

டிசம்பர் 15ஆம் தேதி கொடி மறுபடி ஏறும்.

கோட்டையில் இருந்தவர்களுக்கு அது ஒரு தேதி. படகோட்டிக்கு அது அடுப்பு எரிகிற நாள். கப்பல் இல்லையென்றால் படகுக்கு வேலை இல்லை, படகுக்கு வேலை இல்லையென்றால் கூலி இல்லை. இரண்டு மாதம் கடன். மழையில் கூரை ஒழுகும். வாடைக் காற்றில் கட்டுமரத்தையும் தினமும் தள்ள முடியாது. அப்புறம் கொடி ஏறுகிறது. அதிலிருந்து பத்தாம் நாள் கிறிஸ்துமஸ். முதல் கூலி வந்த கையோடு வருகிற பண்டிகை. வெளிநாட்டுப் படங்களில் கிறிஸ்துமஸ் என்றால் பனி. நம் கரையில் கிறிஸ்துமஸ் என்றால் பட்டினி முடிகிற பருவம். என் பாட்டி இருந்தவரை, "கார்த்திகையில கைய நீட்டாதே, மார்கழியில கையக் கழுவாதே" என்பாள். கார்த்திகையில் கடன் கேட்டால் யாரிடமும் இருக்காது, மார்கழியில் ஏதாவது ஒரு வீட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று அர்த்தம். நாளைக்கு மார்கழி பிறக்கிறது. இன்று டிசம்பர் 15. காலையில் ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எனக்கு இந்தக் கொடி ஞாபகம்தான்.

அப்புறம் அந்தப் படகோட்டிகள் என்ன ஆனார்கள்?

1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளமாக ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். அது போதவில்லை. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மெட்ராஸுக்கு வந்தபோது துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். கருங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். பிற்பாடு பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து, கிழக்கே இருந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் வாயில் வைத்தார். கப்பல் உள்ளே வந்து பாதுகாப்பாக நின்றது. ஊருக்கு நல்லது. துறைமுகம் வந்ததால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிந்தது, என் அப்பா வீட்டிலும்தான். ஆனால் மசூலாப் படகுக்கு இனி வேலை இல்லை. அலையைப் படித்த தண்டலின் பேரப்பிள்ளைகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், மீன்பிடிக்கப் போனார்கள்.

படகு போனதோடு நிற்கவில்லை. நிலமும் போனது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நம் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் திருப்பித் தள்ளும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இந்த ஓட்டத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் நின்றது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கியது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டுப் பெயரும் வைத்தார். தெற்கே தங்கிய மணல் வடக்கே நமக்கு வரவேண்டிய மணல். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையைக் கடல் அரித்தது. பல நூறு மீட்டர் நிலம் போய்விட்டது. இன்று நாம் பார்க்கிற கருங்கல் சுவரெல்லாம் அதனால் கொட்டியதுதான். அடுத்த தடவை மெரினாவில் மாங்காய் பத்தை தின்னும்போது, காலடியில் இருக்கிற மணலில் நம் தெருவும் கொஞ்சம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நம் சிற்றாலயமே இரண்டாவது இடத்தில் இருப்பதுதான். முதலில் இருந்தது ஓலைக் கொட்டகை. அது இருந்த இடத்தில் இப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அப்பாவின் நோட்டில் ஒரு டிசம்பரில் இப்படி இருக்கிறது: "கெபிக்கு முன்னால் இருந்த மூன்று வீடும் இல்லை. குடில் இந்த ஆண்டு உள்ளேயே." இவ்வளவுதான். ஒரு தெரு போனதை ஒன்றரை வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் கேக் வெட்டுவதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்கு.

இப்போது நான் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருஷமாக இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு வந்ததால் அன்று திருக்குடும்பத் திருவிழா. காலை ஆறு மணிப் பூசை. நற்செய்தி வாசகம், சூசையப்பரின் கனவில் தூதர் வந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போகச் சொல்லும் பகுதி. இது அற்புதம் என்று நான் சொல்லவரவில்லை. வாசகங்கள் மூன்று வருஷச் சுற்றில் வரும், அந்த வருஷத்துக்கு உரியது அது. உலகம் முழுக்க அன்று அதைத்தான் வாசித்தார்கள். பிரசங்கத்தின்போது, ஆறரை மணி இருக்கும், மேலே கட்டியிருந்த நட்சத்திரம் லேசாக ஆடியது. காற்று என்று நினைத்தோம். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலம் அப்போதுதான் அசைந்திருக்கிறது. பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். முந்தின நாள் குழம்பைச் சுட வைத்தார்கள். ஒன்பது மணி வாக்கில் கடல் உள்ளே வந்தது.

அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அன்று ஓடியவர்கள். ஒருத்தி, அப்போது ஐந்தாம் வகுப்பு, தம்பியைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூர் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினாள். இன்று நர்ஸாக இருக்கிறாள். இதைப் படிப்பாள்.

நான் சொல்வது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டு எங்கே இருக்கும்? வீடே இல்லை. வந்தவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. ஏதாவது ஓர் எழுத்து வேண்டும், யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கு ஏதாவது ஒரு தாள் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். அப்போதுதான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 24 அன்று வின்சென்ட் தே பவுல் சபை மூலமாக அரிசி கொடுப்போம். குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்று எழுதிக் கைநாட்டோ கையெழுத்தோ வாங்குவோம். அந்த வருஷமும் எழுதியிருந்தேன். அலை வருவதற்கு இரண்டு நாள் முன்னால் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? நோட்டு சங்கீஸ்து அறையில் மேல் பலகையில் இருந்தது. நனையவில்லை. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொரு குடும்பம்.

எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். "டீச்சர் நோட்டு காப்பாத்திச்சு" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒரு அம்மா வந்தாள். மீன் விற்கிறவள். இரண்டு பிள்ளைகள். பின் வரிசையில் வாடகைக்கு இருந்தவள். "டீச்சர், எம்பேரு அதுல கீதா பாரேன்" என்றாள். நான் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவள் அந்த வருஷம் மாதச் சந்தா கட்டவில்லை. சந்தா கட்டாதவர்களை அரிசி லிஸ்டில் சேர்க்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். எழுதிய கை என் கை. அப்படி விட்டுப்போனது மூன்று குடும்பம். மூன்றுமே வாடகைக் குடும்பம். சந்தா மாதம் பத்து ரூபாய்.

நான் வந்தவர்களிடம் போய்ச் சொன்னேன், இவர்களும் இங்கேதான் இருந்தார்கள், எனக்குத் தெரியும் என்று. "வாய்வார்த்தையா எழுத முடியாதும்மா, நோட்டுல இருக்கா?" என்றார்கள். முந்தின நாள் எந்த நோட்டைக் காட்டி நான் நாற்பத்தொரு பேருக்கு வாங்கிக் கொடுத்தேனோ, அதே நோட்டு இப்போது இந்த மூன்று பேரும் இங்கே இல்லை என்று சொன்னது. அந்த மூன்று குடும்பத்துக்கும் மற்றவர்களுக்குக் கிடைத்த முதல் உதவி கிடைக்கவில்லை. பிறகு அலைந்து திரிந்து ஒன்றுக்கு எர்ணாவூரில் வீடு கிடைத்தது. ஒன்று எங்கே போனது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த மீன்கார அம்மா செம்மஞ்சேரிக்குப் போய்விட்டாள். நம் கடற்கரையை விட்டு நகரத்தின் அந்த மூலைக்கு. மீன் விற்கிற பெண் கடலை விட்டு அவ்வளவு தூரம் போய் என்ன செய்வாள்?

பிள்ளைகளே, சரித்திரம் என்றால் நடந்தது எல்லாம் என்று நான் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அது முழு உண்மை இல்லை. எழுதியவர்கள் யாரை எழுதினார்களோ அவர்களுக்கு நடந்ததுதான் நமக்குக் கிடைக்கிறது. மெட்ராஸில் கரை ஏறிய துரைமார் எத்தனையோ பேர் தங்கள் பயணத்தைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அலையில் நனைந்தது, பயந்தது, படகுக்காரன் கூடக் காசு கேட்டது எல்லாம் அவற்றில் இருக்கும். படகுக்காரனின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. துரை செய்த அதே தப்பைப் பத்து ரூபாய்க்காக நானும் செய்தேன். அவருக்காவது அந்தப் படகோட்டி அந்நியர். எனக்கு அந்த அம்மா மூன்றாவது தெரு.

அந்த வருஷத்திலிருந்து நான் நோட்டு எழுதும் விதத்தை மாற்றினேன். சந்தா நோட்டு வேறு, பெயர் நோட்டு வேறு. பெயர் நோட்டில் கோயிலுக்கு வருகிற எல்லாரும் உண்டு. வாசலில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிற வேறு மதத்துச் சகோதரிகளும் உண்டு. வடக்கிலிருந்து வேலைக்கு வந்து, தமிழ் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்களும் உண்டு. வாடகையா சொந்தமா என்று கேட்பதே இல்லை.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களும் அதில் இருக்கின்றன. 2016 டிசம்பர் 12, வர்தா. குடிலுக்குப் போட்ட கூரைத் தகரம் அடுத்த தெருவில் கிடைத்தது. 2017 ஜனவரி 28, எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் பிள்ளைகள் வாளியில் அள்ளினார்கள். யார் யார் அள்ளப் போனார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒருவனுக்குக் கையில் தோல் உரிந்தது, அதுவும் இருக்கிறது. 2023 டிசம்பர் 3, திருவருகைக் கால முதல் ஞாயிறு, மிக்ஜாம் மழை. பூசைக்கு ஏழு பேர். அந்த வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. காட்டுக்குப்பத்தில் வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. வாரக்கணக்கில் தொழில் இல்லை. பழைய காலத்துக் கொடி இறங்கியது போலத்தான். ஆனால் மறுபடி என்றைக்குக் கொடி ஏறும் என்று இதற்குத் தேதி கிடையாது. அதே மாதம் 26ஆம் தேதி, அதே சுனாமித் தேதி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, தூங்கின பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நம் கோயிலை அந்த ராத்திரி திறந்து விட்டோம். உறவுக்காரர் வீடு தேடி வந்தவர்கள் சிலர் விடியும்வரை இருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன். "எதுக்கும்மா பேரு?" என்று ஒருவர் கேட்டார். "சும்மா இருக்கட்டும்ப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது அந்த இளைஞர் மன்றத்துப் பிள்ளைக்கு என் பதில். தம்பி, வாட்ஸ்அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே அதில்தான் உனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறேன். ஆனால் போன் மாறினால் செய்தி போய்விடும். இந்தக் கரையில் கெபி போயிருக்கிறது, தெரு போயிருக்கிறது. இருந்தவர்கள் இருந்தார்கள் என்று சொல்ல இந்த நோட்டு மட்டும் மிச்சம். அதுவும் ஒழுங்காக எழுதினால்தான். கரையான் தின்ற பக்கங்களை நீயே போனில் படம் எடுத்துக் கொடு. அப்புறம் தாராளமாக வெள்ளையடி.

போன புதன்கிழமை அந்த மீன்கார அம்மாவின் நம்பரை ஒரு மாணவன் தேடிப் பிடித்துக் கொடுத்தான். மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நேற்றுதான் போட்டேன். குரல் அப்படியே இருந்தது. நடந்ததைச் சொன்னேன். உன் பேரை நான்தான் எழுதாமல் விட்டேன், சந்தாவுக்காக, தப்பு என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அத்தயா இன்னும் மன்சுல வெச்சிகினு கீற டீச்சர்? எனுக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். நீ நோட்ட திருப்பிகினு இருந்தப்பவே உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள். பிறகு, "எழுதிக்கோ" என்று சொல்லி, தன் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர், மருமகள் பெயர், மூன்று பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எழுத்துக்கூட்டி எழுதினேன். 26ஆம் தேதி வர முடியுமா என்று கேட்டேன். "மூணு பஸ்ஸு மாறணும். பாக்கறேன்" என்றாள். வருவேன் என்று சொல்லவில்லை. அதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

உங்களுக்கான வேலை இதுதான். சுனாமிக்கு முன்னால் நம் கோயில் பக்கம் குடியிருந்து, இப்போது எர்ணாவூர், செம்மஞ்சேரி, மணலி புதுநகர், வெளிநாடு என்று எங்கே இருந்தாலும் சரி, உங்கள் குடும்பத்தார் பெயர்களை எனக்கு அனுப்புங்கள். எந்த மதமானாலும் அனுப்புங்கள். வீடு எந்த வரிசையில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்றும் எழுதுங்கள். இறந்தவர்கள் பெயரையும் அனுப்புங்கள். அவற்றை இங்கே கமெண்டில் போட வேண்டாம், தனியாக அனுப்புங்கள். பழைய போட்டோ இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். தேதி பின்னால்தான் இருக்கும். விட்டுப்போன மூன்றாவது குடும்பத்தைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் எனக்கு உடனே போன் செய்யுங்கள். அப்பா கட்டடத் தச்சு வேலை, பெரிய பெண் எட்டாம் வகுப்பு, பின் வரிசையில் குழாயடிக்குப் பக்கத்து வீடு.

இந்த வார அறிவிப்புகள், பழக்கதோஷத்தில்:

22ஆம் தேதி ஞாயிறு மாலை வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாடல். மழை வந்தாலும் உண்டு, குடை கொண்டுவரவும்.

24ஆம் தேதி காலை அரிசி வழங்குதல். சந்தா கேட்கப்படமாட்டாது.

24ஆம் தேதி இரவு 11.30க்குத் திருப்பலி.

26ஆம் தேதி வியாழன் காலை 6 மணிக்கு, சுனாமி இருபதாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. முடிந்ததும் பெயர்கள் வாசிக்கப்படும். நீளமாக இருக்கும், பொறுமையோடு இருக்கவும். வாசிப்பது நான்தான், பெயர் உச்சரிப்பு தப்பினால் அங்கேயே திருத்திவிடுங்கள்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டீச்சர்